குறுக்கே விழுந்த குரல்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஒல்லாந்தரின் மகள் மடிக்கணினியைக் காவிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். எங்கள் பிள்ளைகளோடு விளையாடித் திரிந்த காலத்திலிருந்தே என்னை அன்ரி என்று கூப்பிட்டுப் பழகியவள். தேத்தண்ணி போடுகிறேன் என்றால் பிறகு குடிக்கலாம் என்று சொல்லிவிட்டு, குசினி மேசையில் கிடந்த வெங்காயங்களை ஓரமாகத் தள்ளி அதைத் திறந்துவைத்தாள். தகப்பன் தவறி ஒரு வருசம் ஆகப்போகிறது. அவர் விட்டுப்போன பழைய கசெற்றுகளை எல்லாம் கணினியில் ஏற்றி, நல்லவற்றைத் தெரிந்தெடுத்து ஓர் இசைத்தட்டாக வெளியிட அவளுக்கு ஆசை. அதில் ஒரு கசெற்தான் தலையிடி கொடுக்கிறதாம். பொத்தானை அழுத்தினாள். முதலில் கதிரை இழுபடும் சத்தம், எங்கோ ஒரு குழந்தையின் சிணுங்கல், பிறகு அவருடைய ஊத் வாசிப்பு. கொஞ்ச நேரம் அது தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஓர் ஆண்குரல் குறுக்கே விழுந்தது. தெருவின் அந்தத் தொங்கலில் போகிற ஆளை இந்தத் தொங்கலில் நின்று கூப்பிடுகிற மாதிரி உரத்த குரல்.

யாரோ ஒரு மனிதர் நடுவில் கத்துகிறார், அருமையான வாசிப்பு பழுதாகிப்போகிறது, இப்போது இப்படியான சத்தங்களைத் தனியாகப் பிரித்துத் துடைத்தெடுக்க வசதி இருக்கிறது, எடுத்துவிடட்டுமா, ஆள் யாரென்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். எனக்கு வெங்காயம் வெட்டாமலே கண் கரித்தது. தெரியாமல் என்ன? அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரோடு ஓர் ஆயுள் குடும்பம் நடத்தியவள் நான். ஆனால் அவளைக் குற்றம் சொல்ல ஏலாது. அவளுக்குத் தெரிந்த என் கணவர் மெல்லக் கதைக்கிற மனிதர். இந்தக் குரலை அவர் வாயிலிருந்து அவள் ஒருநாளும் கேட்டதில்லை. சொல்லப்போனால் வந்த புதிதை விட்டால், சிட்னியில் நானே ஒரே ஒரு நாள்தான் கேட்டேன்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து மெரிலேண்ட்ஸில் ஒரு அடுக்குவீட்டின் மேல்தளத்தில் குடியேறினோம். நான் ஆசுபத்திரியில் இரத்தம் பரிசோதிக்கிற பகுதியில் வேலைக்குச் சேர்ந்தேன். இவர் ஊரில் பொறியியலாளர். இங்கே செவன் ஹில்ஸில், பிளாஸ்ரிக் வாளியும் ஐஸ்கிரீம் பெட்டியும் செய்கிற தொழிற்சாலையில், செய்துவருகிற வாளிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கிற வேலை. "படிச்ச படிப்புக்கு நல்ல பதவி, ஓட்டை பாக்கிறது" என்று தானே சொல்லிச் சிரிப்பார். அதே தொழிற்சாலையின் பண்டகசாலையில் சாமான் ஏற்றி இறக்குகிற வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர்தான் ஒல்லாந்தர். சின்ன வயதில் ஒல்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர். பகலில் வண்டி, சனிக்கிழமைகளில் ஒரு கிளப்பில் ஆட்டத்துக்குக் கிற்றார் வாசிப்பு. அவருக்கு அழகான ஒரு பெயர் இருந்தது. ஆனால் இவர் முதல்நாளே வீட்டுக்கு வந்து, "இஞ்சாரும், இண்டைக்கு ஒரு ஒல்லாந்தரைச் சந்திச்சனான். யாழ்ப்பாணத்தில எங்களுக்குக் கோட்டை கட்டித் தந்த ஆக்களின்ர வழி. இப்ப நான் வாளி பாக்கிறன், அவர் வாளி ஏத்துறார்" என்று சொன்னதிலிருந்து எங்கள் வீட்டில் அவர் ஒல்லாந்தர்தான்.

பெயரை அவரும் சந்தோசமாகவே ஏற்றுக்கொண்டார். ஒருநாள் எங்கள் குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது நான் இவரிடம், "அந்த லாச்சிக்குள்ளை கத்தி கிடக்கு, எடுத்துத் தாங்கோ" என்றேன். மனிதர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். மேசையின் இழுப்பறைக்குத் தன் தாய் சொல்லுகிற சொல் கிட்டத்தட்ட அதேதானாம். பிறகு அலுவலகத்துக்கு நாங்கள் சொல்லுகிற கந்தோர் என்ற சொல்லையும் சொன்னோம். அதுவும் அவர்களுடையதுதான். "ஓகோ, நாங்கள் போகும்போது மறந்துவைத்துவிட்டுப் போன சாமான்கள்" என்று சிரித்தார். "வைச்சிட்டுப் போனது ரெண்டு சொல்லு, ஒரு கோட்டை. கொண்டுபோனதைப் பற்றிப் பிறகு ஆறுதலாக் கதைப்பம்" என்றார் இவர். இப்படித்தான் அவர்கள் இரண்டு பேரும் பகிடி விட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

அவர் எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்த காரணமே ஒரு பிளாஸ்ரிக் துண்டுதான். ஐஸ்கிரீம் பெட்டி மூடிகளை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சுகிற கழிவுத் துண்டுகள் சிலது தேவை என்று இவரிடம் கேட்டிருக்கிறார். எதற்கு என்று கேட்க, ஊத் என்ற வாத்தியம் வாசிக்க என்றாராம். ஊத் என்றதும் ஏதோ ஊதுகிற வாத்தியம் என்றுதான் நானும் நினைத்தேன். வந்து பார்த்தால் நரம்பு வாத்தியம். பூசணிக்காயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போல முதுகு, கட்டைக் கழுத்து, தலைப்பக்கம் பின்னால் மடங்கிக்கிடக்கும். அதை மீட்ட விரல் நீளத்துக்கு, வளைந்து கொடுக்கிற ஒரு துண்டு வேண்டும். முற்காலத்தில் கழுகின் இறகை வெட்டிப் பாவித்தார்களாம். சிட்னியில் கழுகுக்கு எங்கே போவது? ஐஸ்கிரீம் மூடியை வெட்டிப் பார்த்தார். அது குழைந்தது. வாளியின் கைபிடி தடிப்பாக இருந்தது. இவருக்கும் இப்படியான வேலை என்றால் கரும்பு தின்னக் கூலி மாதிரி. இரண்டு வளர்ந்த ஆம்பிளைகள் என் குசினி மேசையில் இருந்து, வண்ண வண்ண பிளாஸ்ரிக் கீற்றுகளை வளைத்து வளைத்துக் காதுக்குக் கிட்டப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

கிற்றார்க்காரருக்கு இந்தப் பித்து எங்கிருந்து பிடித்தது என்று நான் கேட்டேன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் லெபனான்காரர் ஒருவருடைய ரொட்டிக்கடை இருந்தது. ஒருநாள் ரொட்டி வாங்கப் போனவர், கடைக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒரு கசெற்றைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாராம். சுடச்சுட வாங்கிய ரொட்டி கைக்குள்ளேயே ஆறிப்போனதாம். "அந்த ஆள் ஒரு சுரத்தைத் தொட்டார். என்னுடைய கிற்றாரில் அந்தச் சுரம் இல்லை. இருக்கிற இடம் தெரிகிறது, கட்டைகளுக்கு நடுவில், ஆனால் அங்கே போக வழி இல்லை" என்றார். கிற்றாரின் கழுத்தில் குறுக்குக் கட்டைகள் பதித்திருக்கும். படியில் ஏறுவது போலத்தான் அதில் போகலாம். ஊத்தில் கட்டை கிடையாது. ரொட்டிக்கடைக்காரர் தங்கள் ஆட்களின் கலியாண வீடுகளில் பாடுகிறவர். அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து ஊத் வாசித்த தம்பி, மெல்பேர்னுக்கு அப்பால் வெரிபீ பக்கம் காய்கறித் தோட்ட வேலை கிடைத்துப் போகும்போது தன்னுடைய பழைய ஊத்தை ஒல்லாந்தருக்கு விற்றுவிட்டுப் போனார். மண் கொத்துகிற கைக்கு இது எதற்கு என்று சொன்னாராம்.

நான் சின்னனில் பாட்டுப் படித்தவள். அதனால் ஒல்லாந்தர் தேடுகிற சுரம் எதுவென்று எனக்கு ஓரளவு விளங்கியது. எங்கள் சங்கீதத்தில் காந்தாரம் பெரும்பாலும் இரண்டு இடத்தில் நிற்கும், ஒன்று பதிவு, அதாவது தாழ; மற்றது உயரம். அரபு ஆட்களுடைய சுரம் இரண்டுக்கும் நடுவில் ஒரு இடத்தில் இருக்கிறது. அந்த நடு இடமும் ஊருக்கு ஊர் மாறுமாம். ரொட்டிக்கடைக்காரரின் ஊரில் கொஞ்சம் பதிவு, சிரியாவின் அலெப்போவில் கொஞ்சம் உயரம். இதைக் கேட்டதும் ஒல்லாந்தருக்கு விசர் பிடிக்காத குறை. இவரைக் கொண்டு அளந்து, ஊத்தின் கழுத்தில் சரி நடு இடத்தில் தலைமயிர் அளவுக்குக் கடதாசிக் கீற்று ஒன்றை ஒட்டிவைத்தார். என்னையும் பாடச் சொல்லிக் கேட்பார். நான் வாயைத் திறப்பேன், உடனே மூடிக்கொள்வேன். அந்த வீட்டுச் சுவர் அப்படி மெல்லிசு. வந்த புதிதில் இவர் யன்னலடியில் நின்று ஊர்ப்பழக்கத்தில் உரத்துக் கதைத்ததற்குப் பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டி, இங்கே ஏதாவது சண்டையா என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து "மெல்லக் கதையுங்கோ, மெல்லக் கதையுங்கோ" என்பதுதான் என்னுடைய மந்திரம். தொழிற்சாலையிலும் இவருடைய உச்சரிப்பை நையாண்டி பண்ண நாலு பேர் இருந்தார்கள். ஊர்க் கோயில் திருவிழாவில் தவில்காரருக்கு முன்னால் சப்பணங்கட்டியிருந்து, தனியாவர்த்தனம் உச்சத்துக்குப் போகையில் வாய்விட்டுக் கத்துகிற மனிதர் இவர். கலியாணப் பேச்சு வந்தபோது, பெடியன் நல்ல பெடியன், வாய்தான் கொஞ்சம் பெரிசு என்று எங்களுக்குத் தகவல் சொன்னவர்களும் உண்டு. அந்த வாய் சிட்னிக்கு வந்து இரண்டு குளிருக்குள் சுருங்கிப்போய்விட்டது.

ஊத் கைக்கு வந்த ஆறேழு மாதத்தில் ரொட்டிக்கடைக்காரரின் கடைசிப் பிள்ளைக்கு ஞானஸ்நானம். வீட்டின் பின்வளவில் விருந்து. எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள்; இவருக்கு வேலை, நான் மட்டும் போனேன். அன்றைக்குத்தான் ஒல்லாந்தர் முதல்தடவையாக அவர்கள் முன்னால் வாசித்தார். வாசித்துக்கொண்டு போகும்போது, நல்ல ஓர் இடத்தில், ஒரு தாத்தா கையைத் தூக்கி, "யா ஐனீ!" என்றார். என் கண்ணே என்று அர்த்தமாம். ஒல்லாந்தர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். நிறுத்தித் தலையை நிமிர்த்தி, சத்தம் வந்த பக்கம் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அவர் படித்த இடத்தில் ஒருவர் வாசிக்கும்போது இருமினால்கூட அது அவமரியாதை. கைதட்டு என்பது எல்லாம் முடிந்த பிறகு. தாத்தா கையைக் கீழே இறக்கினார். சபை அடங்கியது. அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கி முடித்தார்; எல்லோரும் அழகாகக் கைதட்டினார்கள். எனக்கு அதில் வித்தியாசமாக ஒன்றும் படவில்லை. வெள்ளைக்காரர் கச்சேரி என்றால் இப்படித்தானாக்கும் என்று நினைத்துக்கொண்டு, முந்திரிகைக் கொடியின் இலையில் சுற்றிய சோற்றை இன்னும் இரண்டு எடுத்துச் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருசம் ஒல்லாந்தர் எத்தனையோ விருந்தில் வாசித்தார். எல்லா இடத்திலும் ஒரே கதைதான். அவர் ஊத்தைத் தூக்கினால் சபை ஊசி விழுந்தாலும் கேட்கிற மாதிரி ஆகிவிடும். முடிந்ததும் கைதட்டு. ரொட்டிக்கடைக்காரர் வந்து தோளில் தட்டி, "வெரி குட் மிஸ்டர், வெரி குட்" என்பார். பிறகு அவரே பாடத் தொடங்குவார். அப்போது பார்க்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ஆ என்பார்கள், அடுத்த வரியைப் பாட விடாமல் அதே வரியைத் திரும்பக் கேட்பார்கள், ஒரு மனிசி கைலேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைப்பாள். பக்கத்துக் கதிரையில் அக்கோடியன் வாசிக்கிற ஒருத்தன் இருப்பான், ஊத் வாசிக்கிற ஆள் இல்லை. ஒல்லாந்தர் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். வெரி குட் என்கிற அந்த இரண்டு வார்த்தையைப் போல ஒரு மனிதனைக் கொல்கிற ஆயுதம் கிடையாது என்று எங்கள் வீட்டில் வந்து சொல்லுவார். அவருக்கு வேண்டியிருந்தது காசும் இல்லை, பேரும் இல்லை. அந்தச் சனத்தின் வாயிலிருந்து, அவர்களை அறியாமல், ஒரே ஒரு ஆ. அதற்காகவே கிளப் வேலையை விட்டார். சனிக்கிழமை கிற்றார் வாசித்த விரல் ஞாயிற்றுக்கிழமையும் கட்டையைத்தான் தேடுகிறது என்று காரணம் சொன்னார். அவர் மனைவி நல்ல பொறுமைசாலி. ஆனால் பொறுமைக்கும் ஒரு அளவு உண்டுதானே. "இரண்டு வருசமாகப் போய்ச் செத்தவீட்டுக்கு வாசித்த மாதிரி வாசித்துவிட்டு வருகிறார்" என்று என்னிடம் குறைப்பட்டாள்.

பெய்ரூட்டில் சண்டை தொடங்கி, புதிது புதிதாகக் குடும்பங்கள் மெரிலேண்ட்ஸுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. ரொட்டிக்கடைக்காரரின் மூத்த மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நிச்சயதார்த்தம். கலியாணத்தன்று தகப்பன் பாடும்போது பக்கத்துக் கதிரையில் ஊத்தோடு யார் இருப்பது என்பதுதான் கேள்வி. வெரிபீயிலிருந்து தம்பியைக் கூப்பிடலாம்; ஆனால் தம்பியின் விரல் இப்போது கோவாவும் கிழங்கும் பிடுங்கிக் காய்த்துப்போயிருந்தது. "மிஸ்டர், நிச்சயதார்த்தத்துக்கு நீங்கள் வாசியுங்கள், சனம் என்ன சொல்லுது என்று பார்ப்போம்" என்று ரொட்டிக்கடைக்காரர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் ஒல்லாந்தர் இவரிடம் வந்து, இந்த முறையும் ஒருத்தரும் வாயைத் திறக்காவிட்டால் ஊத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளப்புக்கே திரும்பிப் போகிறேன், மனைவிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றாராம். அன்றிரவு சாப்பிடும்போது இவர் "பாவமப்பா அந்த மனுசன்" என்று நாலைந்து தரம் சொன்னார்.

ஞாயிறுகளில் இவருக்கு மேலதிக வேலை, அதனால் முந்தி ஒரு விருந்துக்கும் வந்ததில்லை. இந்த முறை முடித்துக்கொண்டு நேரே வருகிறேன் என்றார். நான் முதலே அவர்கள் வீட்டுக்குப் போய் வழக்கம்போலக் குசினிக்குள் பெண்களோடு இருந்துவிட்டேன். ஆட்கள் இருந்த கூடத்துக்கும் குசினிக்கும் நடுவில் கதவு இல்லாத ஒரு வாசல், எல்லாம் தெரியும். ஒல்லாந்தர் தன் ரேப் ரெக்கோடரை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். அதுதான் இந்தக் கசெற்றில் முதலில் கேட்கிற சத்தம். அவர் ஊத்தை எடுத்ததும் ரொட்டிக்கடைக்காரரின் மனைவி சிணுங்கிய கடைசிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, எல்லாருக்கும் வாயில் விரலை வைத்துக் காட்டினாள். நான் சும்மா ஒரு பேச்சுக்கு, உங்கள் ஆட்கள் இவர் வாசித்தால் மட்டும் ஏன் இப்படி அமைதியாக இருக்கிறீர்கள் என்று காதுக்குள் கேட்டேன். அவள் ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள். "உனக்குத் தெரியாதா? மிஸ்டருக்குச் சத்தம் பிடிக்காது. ஞானஸ்நானத்தில் அவர் கோபித்தாரே. புதிதாக வருகிற ஆட்களுக்குக்கூட என் மனிதர் வாசலிலேயே சொல்லித்தான் உள்ளே விடுவார். எங்கள் தாத்தாவுக்கு நாக்கைக் கடித்துக்கடித்துப் புண்ணாகிவிட்டது" என்றாள்.

இரண்டு வருசம்! ஒரு பக்கம் வாயைத் திறக்க மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டு ஒரு மனிதன், மறுபக்கம் அவர் மனம் நோகக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சபை. விருந்தோம்பல் என்று பார்த்தால் இதைவிட நல்ல சனம் கிடையாது. அந்த நல்ல குணம்தான் அவருடைய கழுத்தை நெரித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஓடிப்போய்ச் சொல்லலாம் என்றால் அவர் ஏற்கெனவே வாசிக்கத் தொடங்கிவிட்டார். நான் முந்திரிகை இலையைக் கையில் வைத்துக்கொண்டு, கடவுளே என்று நிற்கிறேன். அந்த நேரம் பார்த்து முன்கதவு திறந்தது. தொழிற்சாலை உடுப்போடு, சட்டைப்பையில் பேனையோடு, இவர் உள்ளே வந்தார். வாசலில் நின்று எச்சரிக்கிற ரொட்டிக்கடைக்காரர் அப்போது உள்ளே இருந்துவிட்டார். இவருக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பெடியன் எழும்பிக் கொடுத்த கதிரையில் இருந்து, சப்பாத்தைக் கழற்றிக் கீழே தள்ளிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். கை தானாகத் தொடையில் தாளம் போடத் தொடங்கியது. தாளமும் பிழை. அவர்களுடைய கணக்குக்கும் எங்கள் ஆதிதாளத்துக்கும் ஒரு ஒட்டும் இல்லை. நான் வாசலில் நின்று கண்ணாலே சைகை காட்டினேன், கண்ணை மூடியிருக்கிறவருக்கு என்ன தெரியும்!

ஒல்லாந்தர் அந்த நடு இடத்துச் சுரத்துக்கு வந்தார். மேலேயிருந்து மெல்ல இறங்கி, தொட்டு, தொட்ட இடத்தில் ஒரு கணம் நின்றார். இவர் கதிரையில் இருந்து பாதி எழும்பிவிட்டார்.

"ஆகா! எங்கை, அதை இன்னொருக்கா!"

சுத்தத் தமிழில், திருவிழாவில் தவில்காரரைப் பார்த்துக் கத்துகிற அதே குரலில், வீடு அதிர. சபை உறைந்துபோனது. ரொட்டிக்கடைக்காரரின் மனைவி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்தது. ஒல்லாந்தர் கையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. இவர் இன்னும் கண் திறக்கவில்லை. கையை நீட்டி, போடு போடு என்று விரலால் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தன்னோடு ஒரே மேசையில் இருந்து பிளாஸ்ரிக் கீற்று வளைத்த மனிதனை எப்படி முறைப்பது? ஒல்லாந்தருக்கு வேறு வழி இருக்கவில்லை. அவர் வாழ்க்கையில் ஒருநாளும் செய்யாத வேலையைச் செய்தார். வாசித்து முடித்த இடத்துக்குத் திரும்பிப் போனார்.

இரண்டாம் தரம் அது முதல்தரம் போல வரவில்லை. பதற்றத்தில் விரல் கடதாசிக் கீற்று ஒட்டிய இடத்தைத் தவறவிட்டு அதற்குக் கொஞ்சம் கீழே போய் இறங்கியது. கொஞ்சம் பதிவு. ரொட்டிக்கடைக்காரரின் ஊருக்குரிய பதிவு. பாடுவதற்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்ற அந்தப் பெரிய உடம்புக்காரர் வாயிலிருந்து, யாரோ காலை மிதித்துவிட்டது போல ஒரு சத்தம் வந்தது. ஆ... உடனே தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். மூலையில் இருந்த தாத்தா இரண்டு வருசமாகக் கடித்த நாக்கை விட்டுவிட்டார். "யா ஐனீ! யா ஐனீ!" அவ்வளவுதான். அணை உடைந்தது. ஒல்லாந்தர் இந்த முறை யாரையும் பார்க்கவில்லை. மூன்றாம் தரம் வேறு ஒரு வழியால் அதே இடத்துக்கு வந்தார், பிறகு இன்னொரு வழியால். ஒவ்வொரு தரமும் சனம் கத்தியது, கத்தக் கத்த விரல் புதுப்புதுச் சந்து ஒழுங்கைகளைக் கண்டுபிடித்தது. வாசித்துக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். ரொட்டிக்கடைக்காரர் தன் கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டுப் பாடத் தொடங்கினார். குசினியில் நாங்கள் எல்லோரும் இலையும் சோறும் பிசைந்த கையோடு வாசலில் வந்து நின்றோம். "அப்பிடிப் போடு!" என்று இவர் இன்னொரு தரம் கத்தியது அந்த இரைச்சலில் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

காருக்குள் ஏறினதும் நான் இவரைப் பிடித்துக்கொண்டேன். நல்லதாக முடிந்தது வேறு கதை. "உங்களுக்கு அறிவில்லையே? வெள்ளைக்காரர் வாசிக்கேக்கை இப்பிடியே கத்துறது? என்ர மானமே போயிருக்கும். மெல்லக் கதையுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லியிருக்கிறன்!" இவர் காரைத் திருப்பித் தெருவில் ஏற்றினார். பிறகு சொன்னார்: "நல்லதைக் கேட்டு நல்லதெண்டு சொல்லாமல் இருக்க நான் என்ன கல்லே? நீரும் சொல்லுறீர் எண்டு நானும் இந்த ஊருக்கு வந்த நாள் துவக்கம் கல்லு மாதிரித்தான் இருக்கிறன். இண்டைக்கு ஏலாமப் போச்சப்பா." கோபமில்லாமல், ஒரு தகவல் சொல்வது போலத்தான் சொன்னார்.

கலியாணத்தில் ஒல்லாந்தர்தான் பக்கத்துக் கதிரையில் இருந்தார். அதற்குப் பிறகு அந்தக் கதிரை அவருடையதாகவே ஆகிவிட்டது. ஊத்தின் கழுத்தில் ஒட்டிய கடதாசிக் கீற்றை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டார். மெல்பேர்னிலிருந்தும் கூப்பிட்டார்கள், வெரிபீயில் தம்பியின் வீட்டில் தங்கி அங்குள்ள விருந்துகளில் வாசித்தார். தொழிற்சாலையை விட்டார், தன்னைப் போலக் கிற்றாரிலிருந்து வருகிறவர்களுக்குப் பழக்கினார், இரண்டு நாட்டுச் சுரத்தையும் சேர்த்துத் தானே சில உருப்படிகள் செய்தார். அவர் போகிற இடமெல்லாம் கத்துவதற்கு ஆட்கள் நிறைந்திருந்தார்கள். இவருடைய வாய்க்கு அங்கே வேலை இருக்கவில்லை. போய்ப் பின்வரிசையில் இருந்து கேட்டுவிட்டு வருவார். தொழிற்சாலையில் பிறகு பெரிய பதவிக்கு வந்தார். அங்கே உரத்துக் கதைக்கலாமா? பிள்ளைகள் வளர்ந்து, "டாட், எல்லாரும் பாக்கினம்" என்று சொல்லப் பழகினார்கள். நான் சொல்ல வேண்டிய தேவையும் இல்லாமல் போய்விட்டது. கடைசிக் காலத்தில் ஆசுபத்திரியில் இவர் கதைப்பதைக் கேட்க நாங்கள் குனிய வேண்டியிருந்தது. ஒல்லாந்தர் வந்து கட்டிலோரம் இருந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். இவர் போய் மூன்றாம் வருசம் அவரும் போய்ச் சேர்ந்தார்.

இதையெல்லாம் அந்தப் பிள்ளைக்கு என் இங்கிலீசில் சொல்லி முடிக்கும்போது தேத்தண்ணி மூன்று தரம் ஆகிவிட்டது. அவள் மேசையில் முழங்கையை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, இப்போதுதான் விளங்குகிறது என்றாள். தகப்பன் வீட்டில் தனியாக இருந்து இந்தக் கசெற்றைப் போடுவாராம். அந்தச் சத்தம் வரும். உடனே நிறுத்திப் பின்னால் சுற்றுவார். திரும்பப் போடுவார். அந்த இடத்தில் நாடா தேய்ந்தே போயிருக்கிறதாம். "அப்பா தன் பிழையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்" என்றாள். வெங்காயத் தோல் ஒன்றைக் கையில் எடுத்துக் கசக்கினாள்.

எடுக்க வேண்டாம் பிள்ளை, இருக்கட்டும் என்றேன். எடுக்க மாட்டேன் என்றாள். சொல்லிவிட்டு அந்த இடத்தைப் போட்டாள். ஊத் மேலேயிருந்து மெல்ல இறங்கி வந்தது, தொட்டது, நின்றது. என் குசினி அதிர, நல்ல வெய்யில் நேரத்தில், பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்க இவர் கத்தினார். அந்தப் பிள்ளை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன சொல்லுகிறார் அன்ரி?"

"இன்னொருக்காப் போடச் சொல்லுறார்" என்றேன்.

போட்டாள்.